கன்னரேஜோ: வெனிஸின் வடக்குப் பேட்டையில் கலை தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெனிஸ் ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் கூட்டத்தோடு கூட்டமாக ரியால்டோ பாலம், சான் மார்கோ சதுக்கம் என்று நடந்துவிடுகிறார்கள். அந்த நடையில் பெரும்பகுதி கன்னரேஜோ என்ற பேட்டைக்குள்ளேதான் நடக்கிறது. ஆனால் முகமூடிக் கடையும் ஐஸ்கிரீம் கடையும் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. அந்தக் கடைத்தெருவை விட்டு வடக்கே திரும்பினால் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்.

கன்னரேஜோ எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

வெனிஸின் பழைய நகரம் ஆறு பேட்டைகள் சேர்ந்தது. வடக்குப் பக்கத்தில் இருப்பது கன்னரேஜோ. மேற்கே சாந்தா லூசியா ரயில் நிலையம், தெற்கே பெருங்கால்வாய், வடக்கே திறந்த காயல். மெதுவாக நடந்தாலும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒரு மணி நேரம் ஆகாது. வட பாதியில் நீளமான மூன்று கால்வாய்கள் ஏறக்குறைய இணையாக ஓடுகின்றன. கரையோரமாகவே நடந்து போகலாம். சந்துக்குள் சந்து நுழைந்து போகும் வெனிஸில் இப்படி நேராக, வெயில் படும்படி நடக்க வழி கிடைப்பது அபூர்வம்.

சான் மார்கோவையே ஒழுங்காகப் பார்க்க நேரமில்லை. இங்கே ஏன் வர வேண்டும்?

சான் மார்கோவை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் ஓவியம் பிடிக்கும் என்றால் கன்னரேஜோவுக்கு ஒரு காலைப் பொழுதாவது ஒதுக்குங்கள். இங்கே உள்ள பெரிய படங்களில் பல, எந்தத் தேவாலயத்துக்காக வரையப்பட்டனவோ அங்கேயே இன்றும் இருக்கின்றன. 16-ஆம் நூற்றாண்டு வெனிஸ் ஓவியர் டிண்டொரெட்டோ குடியிருந்த வீட்டிலிருந்து அவருடைய மிகப் பெரிய படங்கள் உள்ள தேவாலயத்துக்குச் சில நிமிட நடைதான். இன்னொரு பெரிய ஓவியர் டிஷியன் 1531 முதல் இந்தப் பேட்டையின் வடகரையில் குடியிருந்தார். பிளேக் நோய் நகரத்தை வாட்டிய 1576-இல் அவர் இறந்ததும் இங்கேதான். அருங்காட்சியகத்தில் கண் உயரத்தில் மாட்டிவைத்த படத்தைப் பார்ப்பதும், கூரையை முட்டும் படத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பதும் ஒன்றல்ல. ஓவியன் மனத்தில் வைத்து வரைந்தது இரண்டாவதைத்தான்.

ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் எதைப் பார்ப்பது?

நிலையத்தை விட்டு வெளியே வந்து இடது பக்கம் திரும்புங்கள். ஸ்கால்ஸி தேவாலயம். உள்ளே கட்டடக்கலைஞர் லொங்கேனாவின் வேலை, முகப்பு ஜூசெப்பே சார்தியுடையது. இரண்டும் 17-ஆம் நூற்றாண்டு. இதன் கூரையில் ஓவியர் டியேபோலோ 1740-களில் வரைந்த பிரமாண்டமான சுவரோவியம் ஒன்று இருந்தது. முதல் உலகப் போரில், 1915 அக்டோபர் 24 அன்று, ஆஸ்திரிய விமானம் போட்ட குண்டு கூரையைத் துளைத்ததில் அது போய்விட்டது. மிஞ்சிய துண்டுகள் இப்போது அக்காதேமியா ஓவியக்கூடத்தில். 1797-இல் நெப்போலியனிடம் குடியரசைப் பறிகொடுத்த கடைசி ஆட்சித்தலைவர் லுதொவீக்கோ மானினின் கல்லறையும் இங்கேதான் இருக்கிறது. ஆயிரம் ஆண்டு நாட்டின் கடைசித் தலைவருக்கு மிக எளிமையான ஒரு கல்தான். பெட்டியை இழுத்துக்கொண்டு போகும் கூட்டம் இதைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

நிலையத்துக்குப் பெயர் தந்த சாந்தா லூசியா தேவாலயம் எங்கே என்று சிலர் கேட்பார்கள். அது இல்லை. ரயில் நிலையம் வர வேண்டும் என்பதற்காக 19-ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள். கண் நோய்க்கு வேண்டிக்கொள்ளப்படும் அந்தப் புனிதையின் உடல், கொஞ்ச தூரம் தள்ளி சான் ஜெரேமியா தேவாலயத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

அரை நாள்தான் இருக்கிறது. ஒரே ஒரு இடம் சொல்லுங்கள்.

மடோன்னா தெல்லோர்தோ தேவாலயம். யோசிக்கவே வேண்டாம்.

செங்கல்லில் கட்டிய கோத்திக் கட்டடம். முகப்பில் வெள்ளைக் கல்லில் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் வரிசையாக நிற்கிறார்கள். வெங்காய வடிவக் குவிமாடம் வைத்த மணிக்கூண்டு. முதலில் இது படகோட்டிகளையும் பயணிகளையும் காக்கும் புனித கிறிஸ்தோபருக்கு எழுப்பப்பட்டது. பக்கத்துத் தோட்டத்தில் கிடந்த மாதா சிலை ஒன்று அற்புதங்கள் செய்வதாகப் பேச்சு பரவ, அதை உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். அப்புறம் மக்கள் ‘தோட்டத்து மாதா’ என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

உள்ளே போனதும் நேராகப் பீடத்தின் பக்கம் நடங்கள். பீடத்துக்கு இருபுறமும் சுவரை நிறைத்து இரண்டு படங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ பதினான்கரை மீட்டர் உயரம். நாலு மாடி வீட்டின் அளவு. ஒருபுறம் இறுதித் தீர்ப்பு, எதிர்ப்புறம் பொற்கன்று. இரண்டையும் டிண்டொரெட்டோ 1560-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வரைந்தார். சாமான் செலவை மட்டும் கொடுங்கள், நான் வரைந்து தருகிறேன் என்று அவரே போய்க் கேட்டதாக ஒரு பழங்கதை உண்டு. நாற்பது வயதை ஒட்டிய ஓவியர், டிஷியன் கொடிகட்டிப் பறந்த ஊரில், தன்னால் என்ன முடியும் என்று காட்ட இதைவிட நல்ல சுவர் கிடைத்திருக்காது.

இறுதித் தீர்ப்பை முதலில் கீழிருந்து மேலாகப் பாருங்கள். அடியில் மண்ணிலிருந்து பிணங்கள் எழுகின்றன. சில உடல்களில் இன்னும் செடியும் எலும்பும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவில் ஒரு வெள்ளம். பச்சை நிறத்தில் சுருண்டு பாய்ந்து மனிதர்களை அடித்துக்கொண்டு போகிறது. மற்ற ஊர் ஓவியர்கள் இந்தக் காட்சியில் நெருப்புக்குத்தான் முதலிடம் கொடுப்பார்கள். வெனிஸ்காரருக்கு உலக முடிவு என்றால் தண்ணீர்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. எதிர்ச்சுவரில் மேலே மோசே சட்டப் பலகைகளைப் பெறுகிறார். கீழே மக்கள் நகைகளைக் கழற்றிக் கொடுக்க, கன்றின் உருவத்தைத் தோளில் தூக்கிப் போகிறார்கள். தூக்குகிறவர்களின் முகங்களில் டிண்டொரெட்டோவும் அவர் காலத்து ஓவியர்களும் ஒளிந்திருப்பதாகச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு, ஆனால் தேடிப் பார்க்கச் சுவையாக இருக்கும்.

இவ்வளவு பிரமாண்டத்துக்குப் பிறகு, வலது பக்கக் கூடத்தில் இருக்கும் ‘மாதா ஆலயத்தில் காணிக்கையாக்கப்படுதல்’ படத்தை விட்டுவிடாதீர்கள். அது ஆர்கன் இசைப்பெட்டியின் கதவுகளுக்காக வரைந்தது. வளைந்து மேலேறும் படிக்கட்டு, அதன் உச்சியில் வானத்தை ஒட்டி ஒரு சின்னப் பெண். படிகளின் முகப்பில் பொன்னிற வேலைப்பாடு மினுங்கும். கீழே ஒரு தாய் தன் மகளுக்கு ‘அதோ பார்’ என்று கை நீட்டிக் காட்டுகிறாள். நாமும் அவள் பக்கத்தில் நிற்பது போலவே கோணம் அமைந்திருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தத் தேவாலயத்தின் உயர்ந்த படம் இதுதான். பெரிய இரண்டும் வாயைப் பிளக்க வைக்கும், இது கூடவே வரும்.

பீடத்துக்கு வலப்பக்கச் சிற்றாலயத்தில் டிண்டொரெட்டோவின் கல்லறை. 1594-இல் இறந்தார். அவருடைய மகன் தொமேனிக்கோவும், தந்தைக்கு முன்பே 1590-இல் இறந்துபோன மகள் மரியெத்தாவும் அங்கேதான். இருவரும் ஓவியர்கள். நுழைவாயிலுக்கு அருகே ஒரு சிற்றாலயத்தில் ஜொவான்னி பெல்லினி வரைந்த சிறிய மாதா படம் இருந்தது. 1993-இல் திருடு போனது, இன்னும் கிடைக்கவில்லை. அதன் இடத்தில் ஒரு புகைப்படம் வைத்திருக்கிறார்கள்.

டிண்டொரெட்டோ வீட்டுக்குள் போய்ப் பார்க்க முடியுமா?

முடியாது. தெற்கே ஒரு கால்வாய் தள்ளி, மோரி கரையில் இருக்கிறது. சுவரில் நினைவுப் பலகையும் அவர் முகமும் இருக்கும். 1574-லிருந்து கடைசிவரை இங்கே குடியிருந்தார். சாயக்காரர் மகன். டிண்டொரெட்டோ என்பதே ‘குட்டிச் சாயக்காரர்’ என்ற பட்டப்பெயர்தான்.

அந்த வீட்டுக்குப் பக்கத்தில் தலைப்பாகை கட்டிய கல் மனிதர்கள் யார்?

மஸ்தெல்லி என்ற வணிகக் குடும்பத்துச் சகோதரர்கள் என்பது வழக்கு. கிரேக்கப் பகுதியான மொரேயாவிலிருந்து வந்தவர்களாம். ஏழை விதவை ஒருத்தியை ஏமாற்றப் போய்க் கல்லானார்கள் என்று ஊரில் கதை சொல்வார்கள். மோரி திடலின் மூலையில் நிற்பவர் பெயர் ரியோபா. அவருடைய உடைந்த மூக்குக்குப் பதிலாக இரும்பு மூக்கு வைத்திருக்கிறார்கள். தடவினால் அதிர்ஷ்டம் என்று ஆளாளுக்குத் தடவி அது பளபளக்கிறது. 2010-இல் யாரோ தலையையே அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நல்லவேளை, சீக்கிரம் கிடைத்து மறுபடி ஒட்டிவிட்டார்கள். பின்பக்கக் கால்வாயின் எதிர்க்கரையில் நின்று பார்த்தால், அதே குடும்பத்து மாளிகைச் சுவரில் சுமை ஏற்றிய ஒட்டகம் ஒன்று செதுக்கியிருப்பது தெரியும். மிளகும் பட்டும் எந்த வழியாக வந்தன என்பதற்கு அது போதும்.

வெனிஸில் எல்லாமே துணியில் வரைந்த படங்களாக இருக்கிறதே, ஏன்?

உப்புக் காற்று. சுவரோவியத்துக்கு ஈரச் சுண்ணாம்புப் பூச்சு உலர்ந்து இறுக வேண்டும். காயலின் ஈரமும் உப்பும் அதைத் தங்க விடாது. 1508-இல் ரியால்டோவுக்குப் பக்கத்தில் ஜெர்மன் வணிகர்களின் கிடங்குக் கட்டடத்துக்கு வெளிச்சுவரில் ஜோர்ஜோனேயும் இளைஞரான டிஷியனும் படம் தீட்டினார்கள். இன்று சில துண்டுகள்தான் மிச்சம். டிஷியனின் துண்டுகளைப் பின்னால் சொல்லப்போகும் கா தோரோ மாளிகையில் வைத்திருக்கிறார்கள். மங்கிப்போன ஓர் உருவத்தை வைத்து முழுச் சுவரையும் கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான்.

மறுபுறம், கப்பல் கட்டும் ஊரில் பாய்த்துணிக்குப் பஞ்சமில்லை. துண்டுகளைச் சேர்த்துத் தைத்தால் எந்த அளவுக்கும் துணி கிடைக்கும். பட்டறையில் வரைந்து சுருட்டிப் படகில் ஏற்றிக் கொண்டுபோகலாம். டிண்டொரெட்டோவின் பதினான்கரை மீட்டர் இப்படித்தான் சாத்தியமானது. அப்படியானால் டியேபோலோ மட்டும் எப்படிச் சுவரில் வரைந்தார் என்றால், அவர் வரைந்தது கட்டடத்துக்கு உள்ளே, அதுவும் 200 ஆண்டுகள் கழித்து.

யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ என்பது இங்கேதானா? அங்கே என்ன பார்ப்பது?

ஆமாம். உலகத்தில் எத்தனையோ இடங்களுக்கு வைத்த அந்தப் பெயர் இந்தச் சிறு தீவிலிருந்துதான் போனது. பீரங்கி வார்க்கும் உலைக்கூடம் இருந்த இடம் இது. 1516 மார்ச் 29 அன்று வெனிஸ் செனட் ஒரு தீர்மானம் போட்டது: நகரத்து யூதர்கள் எல்லோரும் இந்தத் தீவில்தான் குடியிருக்க வேண்டும். இரவில் கதவுகளைப் பூட்டிக் காவல் போட்டார்கள். சுற்றிலும் கால்வாயில் படகு ரோந்து. கொடுமை என்னவென்றால், அந்தக் காவலர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவர்களும் யூதர்களே. வட்டிக்குக் கொடுப்பது, மருத்துவம், பழைய துணி வியாபாரம் என்று சில தொழில்களுக்கே அனுமதி. 1541-இலும் 1633-இலும் பக்கத்து நிலங்களைச் சேர்த்துக் கொஞ்சம் விரிவாக்கினார்கள். அது போதவில்லை.

கெட்டோ நுவோவோ திடலில் நடுவில் நின்றுகொண்டு சுற்றியிருக்கும் வீடுகளின் ஜன்னல்களை எண்ணுங்கள். ஏழு, எட்டு மாடி. வெனிஸில் வேறெங்கும் இவ்வளவு உயரமான குடியிருப்பு பார்க்க முடியாது. அகலத்தில் வளர வழியில்லாததால் உயரத்தில் வளர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாடியின் கூரையும் மிகத் தாழ்வு. அந்த மாடிகளுக்கும் மேலே ஜெபக்கூடங்கள். கீழே இடமில்லை என்பது ஒரு காரணம், ஜெபக்கூடத்துக்கும் வானத்துக்கும் நடுவே மனிதர் குடியிருக்கக் கூடாது என்பது இன்னொரு காரணம். வரிசையாக ஐந்து பெரிய ஜன்னல்கள் தெரிந்தால் அது ஜெபக்கூடமாக இருக்கும். யூத வேதமான தோராவின் ஐந்து நூல்களைக் குறிப்பது அது.

மொத்தம் ஐந்து ஜெபக்கூடங்கள். ஜெர்மனியிலிருந்து வந்தவர்களுடையது 1528-இல் கட்டியது, எல்லாவற்றிலும் பழையது. கான்டோன், இத்தாலியக் கூடம் இரண்டும் அதே திடலில். கிழக்கத்திய யூதர்களின் கூடமும் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்களின் கூடமும் பக்கத்துக் கெட்டோ வெக்கியோவில் எதிரெதிரே. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணச் சுவர். உள்ளே மரச் செதுக்கலும் பொன் பூச்சும். ஒவ்வொரு கூட்டமும் தன் சொந்த ஊர் வழக்கப்படி தொழ விரும்பியதால்தான் இத்தனை சிறிய இடத்தில் ஐந்து.

1797-இல் நெப்போலியன் படை வந்தபோது கதவுகளைப் பிடுங்கித் திடலில் போட்டு எரித்தார்கள். கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். 1943, 44-இல் வெனிஸிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட யூதர்களை நாஜிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். லித்துவேனியாவில் பிறந்த சிற்பி ஆர்பித் பிளாத்தாஸ் செய்த வெண்கலப் புடைப்புச் சிற்பங்கள் திடலின் ஒரு சுவரில் பதிக்கப்பட்டிருக்கின்றன. 1980-இல் வைத்தவை. அவசரமாகப் படம் எடுத்துக்கொண்டு நகராமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஜெபக்கூடங்களுக்குள் விடுவார்களா?

யூத அருங்காட்சியகத்தின் வழியாக, வழிகாட்டியோடு விடுவார்கள். எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் காட்ட மாட்டார்கள், பருவத்துக்கு ஏற்ப மாறும். சனிக்கிழமை ஓய்வு நாள் என்பதால் மூடியிருக்கும். யூதப் பண்டிகை நாட்களிலும் அப்படியே. சீரமைப்பு வேலையும் நடப்பதால் போகும் முன் அன்றைய ஏற்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கா தோரோ உண்மையிலேயே பொன் மாளிகையா?

ஒரு காலத்தில். மரீனோ கொன்தரீனி என்ற பிரபு 1420-களில் கட்டத் தொடங்கினார். கல் லேஸ் பின்னியது போன்ற அந்த முகப்பை ஜொவான்னி போனும் மகன் பர்த்தலொமேயோவும் மத்தேயோ ரவெர்த்தியும் செதுக்கினார்கள். முடிந்ததும் பிரபு ஓர் ஓவியரைப் பிடித்து விளிம்புகளுக்குப் பொன்னும் பின்னணிக்கு விலையுயர்ந்த நீலமும் பூசச் சொன்னார். அந்தப் பொன் எப்போதோ கரைந்துவிட்டது.

19-ஆம் நூற்றாண்டில் பாலே நடனக்காரி மரீ தாலியோனி இதை வைத்திருந்தபோது ‘சீர்திருத்தம்’ என்ற பெயரில் முற்றத்துப் படிக்கட்டையே பிரித்துப் போட்டுவிட்டார்கள். 1894-இல் வாங்கிய ஜோர்ஜோ பிரான்கெத்தி தேடிப்பிடித்துத் திரும்ப வைத்தார். கீழ்த்தளத்துக் கல்தரையை அவரே மண்டியிட்டுப் பதித்தார் என்பார்கள். 1916-இல் மாளிகையை அரசுக்குக் கொடுத்தார். அவர் இறந்த பின், 1927-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. அவருடைய சாம்பலும் அங்கேயே.

உள்ளே ஒரே ஒரு படம் பார்ப்பதாக இருந்தால் மந்தேஞ்ஞா வரைந்த புனித செபஸ்தியார். அம்புகள் தைத்த உடல், கீழே அணைந்து புகையும் மெழுகுவர்த்தி. அதைச் சுற்றிய சீட்டில் லத்தீனில் ஒரு வரி: தெய்விகமானது மட்டுமே நிலைக்கும், மற்றதெல்லாம் புகை.

முகப்பை எதிர்க்கரையிலிருந்து பார்ப்பது நல்லது. பக்கத்து சாந்தா சோஃபியா துறையிலிருந்து நின்றபடி அக்கரைக்குக் கடக்கும் படகு உண்டு, கட்டணம் ஏறத்தாழ 2 யூரோ. நடு ஆற்றில்… அதாவது நடுக் கால்வாயில் திரும்பிப் பார்த்தால் முழு முகப்பும் தெரியும்.

சலவைக்கல் பேழை மாதிரி ஒரு சின்னத் தேவாலயம் இருக்கிறதாமே?

சாந்தா மரியா தெய் மிராகோலி. தெருமுனையில் இருந்த மாதா படம் அற்புதங்கள் செய்கிறது என்று மக்கள் கொட்டிய காணிக்கையில் கட்டியது. 1481 முதல் 1489 வரை, பியெத்ரோ லொம்பார்தோவும் மகன்களும். உள்ளும் புறமும் சாம்பல், வெள்ளை, இளஞ்சிவப்பு என்று வண்ணச் சலவைக்கல் பலகைகள். ஒரு பக்கச் சுவர் நேராகக் கால்வாய்த் தண்ணீருக்குள் இறங்குகிறது.

அந்த அழகுக்கு அதுவே எமனாகவும் வந்தது. செங்கல் சுவர் உப்புத் தண்ணீரை உறிஞ்சி மேலே இழுக்கும். நீர் உலரும், உப்பு தங்கும். தங்கிய உப்பு படிகமாகும்போது கல்லை உள்ளிருந்து வெடிக்க வைக்கும். கல்லின் எடையில் ஏழில் ஒரு பங்குவரை உப்பு ஏறியிருந்தது. ‘சேவ் வெனிஸ்’ என்ற அமெரிக்க அமைப்பின் உதவியோடு 1987 முதல் பத்தாண்டுகள் வேலை பார்த்தார்கள். பலகைகளைக் கழற்றித் தூய நீர்த் தொட்டிகளில் ஊறப்போட்டு உப்பை இறக்கி, மறுபடி மாட்டினார்கள். வெனிஸில் ‘பழுதுபார்ப்பு’ என்ற பலகை தொங்காத கட்டடமே இல்லை என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு இந்த ஒரு கதை போதும்.

டிஷியன் படம் எங்கே இருக்கிறது?

வடகரையில் ஜெசுயீத்தி தேவாலயத்தில். நுழைந்ததும் இடப்பக்க முதல் பீடம், புனித லாரன்ஸ் இரும்புக் கட்டிலில் எரிக்கப்படும் காட்சி. முழுக்க இரவு. வெளிச்சம் கட்டிலுக்கு அடியில் உள்ள கங்கிலிருந்தும், தீவட்டிகளிலிருந்தும், மேகத்தைக் கிழித்துக்கொண்டு வரும் ஒளியிலிருந்தும்தான். பத்தாண்டுகளுக்கு மேல் இழுத்தடித்து 1550-களின் இறுதியில் முடித்தார். 1797-இல் நெப்போலியன் ஆட்கள் பாரிஸுக்கு எடுத்துப் போய், அவர் வீழ்ந்த பிறகு திரும்பி வந்தது. படம் வரையப்பட்டது இதே இடத்தில் இருந்த பழைய தேவாலயத்துக்கு. இப்போதுள்ள கட்டடத்தை 1715-இல் தொடங்கி ஏசுசபையினர் எழுப்பினார்கள்.

கட்டடத்தைப் பற்றியும் ஒரு சொல். சுவர் முழுக்கப் பச்சைப் பூவேலைப் பட்டுத்துணி தொங்குகிறது என்று நினைப்பீர்கள். தொட்டால் கல். வெள்ளைக் கல்லில் பச்சைக் கல்லை வெட்டிப் பதித்திருக்கிறார்கள். பிரசங்க மேடைக்கு மேலே மடிப்பு மடிப்பாகத் திரைச்சீலை, பீடத்துப் படிகளில் கம்பளம், எல்லாமே கல். திறமைக்குக் குறைவில்லை, ஆனால் கொஞ்சம் அதிகம்தான். டிஷியனின் இருட்டைப் பார்த்த பிறகு இந்தப் பளபளப்பு கண்ணை உறுத்துகிறது.

பெல்லினி?

சான் ஜொவான்னி கிரிசொஸ்தொமோ, ரியால்டோ பக்கத்தில். 1513-இல், எண்பது வயதை ஒட்டி அவர் வரைந்த பீடப்படம். பாறை மேல் உட்கார்ந்து புனித ஜெரோம் படித்துக்கொண்டிருக்கிறார், அவருக்குப் பின்னால் மாலை வானம். உயர்பீடத்தில் செபஸ்தியானோ தெல் பியோம்போவின் படம். பாதிப் பேர் அவசரமாகக் கடந்துபோகும் தெருவில் இப்படியொன்று இருக்கிறது. சில்லறைக் காசு வைத்துக்கொள்ளுங்கள், விளக்கு எரிய வைக்கக் காசு போட வேண்டி வரலாம்.

மார்க்கோ போலோவின் வீடு பக்கத்தில்தானே?

அந்தத் தேவாலயத்துக்குப் பின்னாலேயே, மிலியோன் என்ற பெயர் கொண்ட முற்றங்கள். வீடு 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தீப்பிடித்துப் போனது. பின்னால் அந்த நிலத்தில் நாடக அரங்கம் வந்தது, இன்று அதன் பெயர் மலிப்ரான். ஆனால் முற்றத்தில் விலங்கும் கொடியும் செதுக்கிய பழைய பைசாந்திய வளைவு ஒன்று இன்றும் நிற்கிறது. போலோ அதைப் பார்த்திருப்பார்.

தமிழருக்கு இங்கே கொஞ்சம் நின்று பார்க்கக் காரணம் உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனாவிலிருந்து திரும்பும் வழியில் போலோ பாண்டிய நாட்டுக் கரையைப் பற்றிச் சொன்னவை நமக்குப் பெரிய ஆவணம். காயல் என்ற நம் பக்கத்துத் துறைமுகத்தில் ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைக் கப்பல்கள் வந்து இறங்குவது, அரசனின் உடம்பில் மின்னும் முத்தும் மாணிக்கமும், முத்துக்குளிப்பவர்களைச் சுறா நெருங்காமல் மந்திரம் போடுகிறவர்கள் (நம் ஊரில் ‘கடல்கட்டி’), எல்லாம் அவர் சொன்னதில் இருக்கிறது. அதைச் சொன்னவர் ஊர் திரும்பி, 1324-இல் சாகும்வரை வாழ்ந்தது இந்தச் சந்தில்தான்.

லாபியா மாளிகை, வெந்திராமின் மாளிகை இரண்டையும் பார்க்கலாமா?

லாபியாவில் டியேபோலோ 1740-களில் வரைந்த அந்தோனி, கிளியோபாட்ரா சுவரோவியங்கள் இருக்கின்றன. வெனிஸில் அவருடைய உச்சம். ஆனால் கட்டடம் இத்தாலிய அரசு ஒளிபரப்பான ராயின் கையில் நெடுங்காலமாக இருப்பதால் உள்ளே போக வாய்ப்பு அரிது. வெந்திராமின் கலெர்ஜி, கொதுஸ்ஸி வடிவமைத்த மறுமலர்ச்சிக் காலத்து மாளிகை. இசையமைப்பாளர் வாக்னர் 1883 பிப்ரவரி 13 அன்று இங்கே இறந்தார். இப்போது சூதாட்ட விடுதி. வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

செங்கல் மலை மாதிரி முடிக்காமல் நிற்கும் அந்தக் கட்டடம்?

மிசெரிக்கோர்தியா சபையின் மண்டபம். சன்சொவீனோ 16-ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தது. காசு தீர்ந்துபோய் வெளியே கல் போர்த்தவே இல்லை. 20-ஆம் நூற்றாண்டில் பல ஆண்டுகள் மேல்தளத்தில், சுவரோவியங்களுக்கு நடுவே, ஊர்க் கூடைப்பந்து அணி ஆடிக்கொண்டிருந்தது.

முகவரி வைத்து இடம் கண்டுபிடிக்க முடியுமா?

கஷ்டம். வீட்டு எண் தெருவுக்குத் தெரு புதிதாகத் தொடங்குவதில்லை, பேட்டை முழுவதற்கும் ஒரே தொடர். கன்னரேஜோவில் அது ஆறாயிரத்தைத் தாண்டும். எண்ணை நம்பாமல், பக்கத்துத் தேவாலயம் அல்லது பாலத்தின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தெருப்பெயர்கள் சுவரில் வெள்ளைக் கட்டத்துக்குள் எழுதியிருக்கும். ஒரே பெயரை இரண்டு சுவரில் இரண்டு விதமாக எழுதியிருந்தால் பதறாதீர்கள், வெனிஸ் பேச்சுவழக்கும் இத்தாலியமும் கலந்து வரும்.

டிக்கெட், நேரம், உடை?

தேவாலயங்களில் சில மதியம் மூடும், ஞாயிறு காலை பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். மிராகோலி உள்பட சிலவற்றுக்கு ‘கோருஸ்’ என்ற பொது டிக்கெட் செல்லும். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். வப்பொரெத்தோ என்ற நீர்ப்பேருந்துக்கு ஒரு தடவைக்கு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். இந்தப் பேட்டைக்குள் அது தேவையே இல்லை, கால் போதும். காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களுக்கு 2024 முதல் வசந்தம், கோடையில் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் உண்டு. ஊரில் இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு, ஆனால் அதற்கும் இணையத்தில் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

சாப்பாடு?

மிசெரிக்கோர்தியா கரை, ஒர்மெசீனி கரை. சின்னச் சின்ன மதுக்கூடங்களில் ‘சிக்கேத்தி’ என்ற சின்னச் சிற்றுண்டிகள். ரொட்டித் துண்டின் மேல் அரைத்த கருவாட்டு மீன், வெங்காயமும் வினிகரும் சேர்த்த மத்தி. சைவக்காரர்களுக்குக் கூனைப்பூவும் பாலாடைக்கட்டியும் கிடைக்கும், ஆனால் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கண்ணாடித் தட்டுக்குப் பின்னால் இருப்பதைக் கை காட்டினால் போதும், மொழி வேண்டாம்.

வெள்ளம் வருமா?

இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கடல் ஏறும். 1966 நவம்பர் 4 அன்று 194 சென்டிமீட்டர், 2019 நவம்பர் 12 அன்று 187. மடோன்னா தெல்லோர்தோவை 1966-க்குப் பிறகு பிரிட்டன் மக்களின் நன்கொடையில்தான் மீட்டெடுத்தார்கள். 2020 அக்டோபர் முதல் காயலின் வாய்களில் உள்ள ‘மோசே’ தடுப்புக் கதவுகள் பெரிய ஏற்றங்களின்போது எழுப்பப்படுகின்றன. முன்பு போலப் பயம் இல்லை.

குழந்தைகளை, வயதானவர்களை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. வண்டி கிடையாது என்பதே பெரிய நிம்மதி. ஆனால் பாலத்துக்குப் பாலம் படிகள். தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ இருந்தால் ஒரே கரையில் நீள நடக்கும்படி திட்டமிடுங்கள், மற்ற இடத்துக்கு நீர்ப்பேருந்து. மிசெரிக்கோர்தியா கரைக்கு அருகே கியோதோ பாலம் என்று ஒன்று உண்டு. பழைய பாணியில் கைப்பிடிச் சுவரே இல்லாதது, ஒரு வீட்டு வாசலுக்கு மட்டும் போவது. எல்லோரும் அதில் உட்கார்ந்து படம் எடுப்பார்கள். சின்னப் பிள்ளைகளின் கையை அங்கே விடாதீர்கள்.